சம்பளம் எவ்வளவு தேய்ந்தது? வீட்டிலேயே கணக்குப் போடலாம்

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி (சாமான், சேவை விலைகளின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் எண்) இலங்கையின் பணவீக்கம் 69.8%. மறு செப்டெம்பரில் 1.3%. "இவ்வளவு குறைஞ்சும் ஏன் சாமான் விலை குறையவில்லை?" என்று வீட்டில் கேட்டார்கள். அதற்காகப் போட்ட கணக்கு இது.

கூகிள் ஷீட்ஸ் போதும். இணையத்தில் உள்ள பணவீக்கக் கால்குலேட்டர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல, ஆண்டுச் சராசரியை எடுக்கின்றன. 2022இன் சராசரி 46.4%; டிசெம்பரை முந்தைய டிசெம்பரோடு ஒப்பிட்டால் 57.2%. இரண்டும் சரி, ஆனால் இரண்டும் வேறு.

படி 1: தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் மாதாந்த அறிக்கைகளில் ஒரே மாதத்தின் வருடாந்த வீதங்களை, அதாவது முந்தைய வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிட்ட வீதங்களை, எடுங்கள். செப்டெம்பர் என்றால் 69.8%, 1.3%, 2024இல் −0.5%. சுட்டெண்களையே நேரடியாக ஒப்பிட வேண்டாம். 2023 தொடக்கத்தில் அடிப்படை ஆண்டு (சுட்டெண்ணை 100 என்று வைக்கும் ஆண்டு) 2013இலிருந்து 2021க்கு மாறியது. இரண்டையும் கலந்தால் விலைகள் திடீரென விழுந்ததுபோல் தெரியும்.

படி 2: ஒவ்வொரு வீதத்தோடும் 1ஐக் கூட்டி (69.8% என்றால் 1.698, −0.5% என்றால் 0.995) பெருக்குங்கள். 1.698 × 1.013 × 0.995 = 1.711. அதாவது 2021 செப்டெம்பரில் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 2024 செப்டெம்பரில் ஏறக்குறைய 1,711 ரூபா வேண்டும். வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: 1.3% என்றால் ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நின்று, இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

படி 3: பலர் தடுமாறும் இடம் இது, நிதானமாகப் பாருங்கள். விலை 69.8% ஏறினால் சம்பளத்தின் பெறுமதி 69.8% குறையாது. கழிக்கக்கூடாது, வகுக்க வேண்டும். மாறாத ஒரு லட்சம் ரூபா சம்பளத்தை 1.698ஆல் வகுத்தால் 58,893. இழப்பு 41%. 20% சம்பள உயர்வு கிடைத்தவருக்கும் 1,20,000 ÷ 1.698 = 70,671தான். உயர்வு கிடைத்தும் கை கடித்தது இதனால்தான்.

படி 4: உங்கள் வீட்டு வீதம். 2022 செப்டெம்பரில் உணவு 94.9%, உணவல்லாதவை 57.6% ஏறின. முந்தைய வருடம் செலவில் 60% சாப்பாட்டுக்குப் போன வீட்டுக்கு: 0.6 × 94.9 + 0.4 × 57.6 = கிட்டத்தட்ட 80%. பங்குகளைப் பழைய செலவிலிருந்தே எடுங்கள். இன்றைய பில்லில் விலையேற்றம் ஏற்கெனவே கலந்திருக்கும். வருமானம் குறைந்த வீடுகளில் சாப்பாட்டின் பங்கு பெரிது, அடியும் அங்கேதான் பலமாக விழுந்தது. செய்தியில் சொல்லும் ஒற்றை எண் இதைக் காட்டுவதில்லை.

பிற்சேர்க்கை: படி 3இன் ஒரு லட்சம் ரூபா கணக்கில் ஒரு வாசகருக்கு விடை 1,412 ரூபா என வந்திருக்கிறது. சதவீதக் குறி இல்லாமல் 69.8 என்று இட்டு 1ஐக் கூட்டினால் வகுஎண் 70.8 ஆகிவிடும். 69.8% என்றே தட்டச்சு செய்யுங்கள்.

அப்புறம், சம்பள உயர்வு கேட்கப் போகிறவர்கள் வகுக்க வேண்டாம், பெருக்குங்கள். 2021 செப்டெம்பரில் ஒரு லட்சம் வாங்கியவர் 2024இலும் அதே வாழ்க்கையை நடத்த 1,71,100 ரூபா கேட்க வேண்டும்.