ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கவர்மென்ட் போஸ்டிங்கா? நெத்தி, கழுத்து, தலை விஷயத்துல என்ன பண்ணணும்

குரூப் 4 பாஸ் பண்ணி நம்ம பக்கம் வேலைக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க கேக்குற கேள்வி இது. திருநீறு பூசிட்டு ஆபீஸ் போலாமா, சிலுவை செயின சட்டைக்குள்ள விடணுமா, முக்காடு போட்டுக்கிட்டு கவுன்டர்ல உக்காரலாமா? தாராளமா போங்க, உக்காருங்க. யூனிபார்ம் இல்லாத வேலைன்னா இதுல பயப்பட ஒண்ணுமில்ல. அரசியல் சாசனம் 25வது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கிற உரிமையக் குடுக்குது, சீக்கியங்க கிர்பான் வச்சிக்கிறது கூட அதுலயே எழுதியிருக்கு. 2019ல தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் போட்ட ட்ரெஸ் கோடு ஆர்டர்லயும் சேலை, சுடிதார் துப்பட்டா, பேன்ட் சட்டை, வேட்டின்னுதான் பேச்சு.

பிரான்ஸ்ல அரசு ஊழியர் டூட்டி நேரத்துல எந்த மத அடையாளமும் காட்டக் கூடாது. கனடாவுல கியூபெக்ல 2019ல சட்டமே போட்டு புதுசா சேர்ற டீச்சர், போலீஸ், அரசு வக்கீல் யாரும் போடக் கூடாதுன்னுட்டாங்க. இங்கயும் அப்படி வரணும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல சம்மதமே இல்ல. ஏன்னா பொட்டு, பூ, தாலி எல்லாம் வழக்கம்னு தப்பிச்சிரும், கடைசில மாட்டுறது முக்காடு மட்டும்தான். கீழக்கரையிலயோ தொண்டியிலயோ கஷ்டப்பட்டு படிச்சு பரீட்சை எழுதி மெரிட்ல வந்த ஒரு பொண்ண திரும்ப வீட்டுக்கு அனுப்புறதுக்குப் பேரு நடுநிலையா?

யூனிபார்ம் வேலைன்னா கதை வேற. போலீஸ், மெரைன் போலீஸ் மாதிரி வேலைக்குப் போறவங்க மொதல்ல உங்க டிபார்ட்மென்ட் ரூலப் படிங்க. விமானப்படையில தாடி வச்சவரோட கேஸ்ல 2016ல சுப்ரீம் கோர்ட் ஒழுங்குமுறைதான் முக்கியம்னு சொல்லிருச்சு. ஆனா தமிழ்நாட்டுல ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிள தாடிக்காக தண்டிச்சத 2024ல ஹைகோர்ட் மதுரை கிளை ரத்து பண்ணுச்சு, 1957 மெட்ராஸ் போலீஸ் கெஜட்டே ட்ரிம் பண்ணின தாடிய அனுமதிக்குதுன்னு காட்டி. அதனால ஐயப்பனுக்கு மாலை போடுறதா இருந்தாலும் சரி, தாடி வைக்கிறதா இருந்தாலும் சரி, முன்கூட்டியே எழுதிக் குடுத்து பெர்மிஷன் வாங்கி ஒரு காப்பிய கையில வச்சிக்கோங்க.

அடுத்தது நீங்க உக்கார்ற எடம். உடம்பு உங்களோடது, சுவரு சர்க்காரோடது. ஆபீஸ்ல சாமி படம் வேணாம்னு அண்ணா ஆட்சியில 1968லயே சுற்றறிக்கை வந்திருச்சு, ஆனா நடைமுறையில யாரும் கண்டுக்கிறதில்ல. உங்க மேஜையிலருந்து ஆரம்பிங்க. கம்ப்யூட்டர் மேல ஒட்டின ஸ்டிக்கர எடுங்க, நகைக்கடைக்காரங்க குடுத்த மெக்கா படம் போட்ட காலண்டர், மாதா படம் போட்ட காலண்டர் எல்லாத்தையும் வீட்டுக்கு கொண்டு போங்க, போன் ரிங்டோன் பக்திப் பாட்டா இருந்தாலும் பாங்கா இருந்தாலும் சைலன்ட்ல போடுங்க. இது அற்ப விஷயம்னு நெனைக்காதீங்க, வர்றவுக கண்ணு மொதல்ல போறது அங்கதான்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன், ஜாதிச் சான்று. நம்ம பக்கம் இதுல மதம் பேப்பர்லயே உக்காந்திருக்கு. 1950 ஜனாதிபதி உத்தரவுப்படி எஸ்சி ஆளு கிறிஸ்தவத்துக்கு மாறினா எஸ்சி இல்ல, தமிழ்நாட்டுல அவுக பிசி. முஸ்லிம்களுக்கு பிசிக்குள்ள 3.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அப்ப ஒரு அம்மா தங்கச்சிமடத்துலருந்து பஸ் ஏறி, பிள்ளைக்கு காலேஜ் அட்மிஷன்னு பேப்பரோட வந்து நிக்கிறாக, உங்க நெத்தியப் பாக்குறாக, இவரு நமக்கு எழுதுவாரா மாட்டாரான்னு மனசுல ஓடும், அது அவுக தப்பில்ல. அந்தப் பயத்த எடுக்கிற பொறுப்பு உங்களோடது. பேர வச்சு தொனிய மாத்தாதீங்க, ஒருத்தருக்கு சேர் போட்டா எல்லாருக்கும் போடுங்க, வந்த வரிசையிலயே பாருங்க. விசாரணைக்குப் போனா வீட்டுச் சுவத்துல என்ன படம் மாட்டியிருக்குன்னு அதை மட்டும் வச்சு ரிப்போர்ட் எழுதாதீங்க, பள்ளிச் சான்று, பெத்தவங்க சான்று எல்லாத்தையும் பாருங்க. இல்லன்னு சொல்லணும்னா காரணத்த எழுத்துல குடுத்து, மேல யார்கிட்ட அப்பீல் பண்ணணும்னும் சொல்லுங்க. சான்று குடுக்கத் தகுதி இல்லாத கேஸ்ல கூட இத ஒழுங்கா செஞ்சா ஜனங்க உங்க பொட்டையோ தொப்பியையோ கோர்த்துப் பேச மாட்டாக.

டீச்சரா வர்றவங்களுக்கு இது இன்னும் பொருந்தும். ராமேஸ்வரம் ஸ்கூல்ல அப்துல் கலாம் தொப்பியோட, கோயில் குருக்கள் மகன் பூணூலோட பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தாங்க, புதுசா வந்த வாத்தியாரு கலாமை எந்திரிச்சு பின்னால போன்னுட்டாரு. அந்த குருக்களே வாத்தியாரக் கூப்பிட்டு கண்டிச்சாரு. தொப்பியும் பூணூலும் அந்த ரெண்டு பசங்களுக்கும் ஒரு தொந்தரவும் பண்ணல, அதிகாரம் கையில இருந்தவரோட பார்வைதான் கோளாறு.

வெள்ளிக்கிழமை ஜும்மா, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, ஆடி அமாவாசைன்னு ஆபீஸ்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள் வரும். முன்னாடியே பேசி சீட்ட மாத்தி விட்டுக்கோங்க, எத்தன மணிக்கு திரும்ப ஆள் இருக்கும்னு கவுன்டர்ல எழுதி வைங்க. மீன்துறை டோக்கனுக்கு வந்து நிக்கிறவருக்கு கடலுக்குப் போற நேரம் தவறினா அன்னைக்குப் பொழப்பே போச்சு.

மேலதிகாரி திடீர்னு முக்காட்ட எடு, திருநீற அழின்னு வாயால சொன்னா சண்டை போடாதீங்க, எந்த ரூல்னு மரியாதையா கேட்டு எழுத்துல வாங்குங்க. எழுத்துல குடுத்தா சங்கத்துலயோ வக்கீல்கிட்டயோ காட்டி பதில் எழுதுங்க. பொதுஜனம் யாராவது கவுன்டர்ல நின்னு உங்க அடையாளத்தச் சொல்லி சத்தம் போட்டா, மொதல்ல அவரு மனுவ வாங்கி ரசீதப் போட்டுக் குடுங்க, பேச்சு அப்பறம்.