ஸ்பீக்கர் வாங்கும் முன் ஹாலில் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள்

40,000, 50,000 ரூபாய் என்பது நம் வீடுகளில் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கிற தொகை இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு ஜோடி நல்ல ஸ்டீரியோ ஸ்பீக்கரும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் கிடைக்கும், பல வருஷம் உழைக்கவும் செய்யும். ஆனாலும் வாங்கி வந்த மாதமே, “கடையில கேட்டப்ப நல்லா இருந்துச்சே” என்று வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இருப்பதில்லை. அது எங்கே உட்காரப்போகிறது என்று யோசிக்காமல் வாங்கியதில்தான் இருக்கிறது.

நம் ஹால் எப்படி இருக்கும்? கீழே டைல்ஸ், நாலு பக்கமும் பூசின சுவர், மேலே கான்கிரீட். நடுவில் நின்று ஓங்கி ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ‘ட்ரிங்’ என்று ஓர் அதிர்வு வந்தால், அங்கே எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் ச, ஷ எழுத்துகள் காதைக் கீறும். கனமான திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், துணி சோஃபா, புத்தகம் நிறைந்த அலமாரி இருந்தாலே பாதி சரியாகிவிடும். இதற்கான செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ், அதாவது அடிநாதமான கனத்த ஒலி, விஷயம் வேறு. அதைத் திரைச்சீலை அடக்காது. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் ஒலி, எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலையாக நின்றுகொள்ளும். சுவரோரம் காதை அடைக்கும், அறையின் நடுவில் காணாமலே போகும். இது தெரியாமல் நான் பல வருஷத்துக்கு முன் ஆளுயர டவர் ஸ்பீக்கர் வாங்கி, சின்ன ஹாலின் மூலையில் நிறுத்தினேன். மூலை, பாஸை இன்னும் ஊதிப் பெரிதாக்கும். மிருதங்கத்தின் தொப்பியில் (கனத்த ஒலி தரும் இடது பக்கம்) வித்வான் எப்படி வாசித்தாலும் ஒரே ‘தும்’தான் கேட்டது. கையை அழுத்தி இழுக்கிற அந்தக் குமுக்கியும் உருட்டலும் எல்லாம் கரைந்து போயிருந்தன. ஆறு மாதத்தில் விற்றுவிட்டேன்.

அதனால் சொல்கிறேன்: ஒரே விலையில் டவரும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் (ஸ்டாண்டில் வைக்கும் சின்னது) இருந்தால், நடுத்தர அறைக்கு ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர் (பாஸ் தரும் பெரிய கோன்) உள்ள புக்‌ஷெல்ஃபை எடுங்கள். டவரில் உங்கள் பணத்தில் ஒரு பங்கு மரப்பெட்டிக்கே போய்விடுகிறது. அதே தொகைக்கு ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-வூஃபரும் (பாஸுக்கு மட்டுமான தனிப் பெட்டி) தருகிறார்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவழித்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டுக்கு இரண்டு போதும்.

அடுத்தது வாட்ஸ் மயக்கம். அட்டைப் பெட்டியில் ‘5000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச பவர் அது; அந்த எண்ணை அளக்க ஒழுங்கான விதிமுறையே கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய பவரைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள். அதுவும், ஸ்பீக்கரில் ‘100 வாட்ஸ்’ என்று போட்டிருந்தால் அது தாங்கும் அளவுதான், தரும் சத்தத்தின் அளவு அல்ல. ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்வது சென்சிட்டிவிட்டி என்கிற எண். அது 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும். 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட்ஸ் போதும் என்கிற இடத்தில், 84 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்ஸ் கேட்கும். இதைப் பார்க்காமல் சின்ன ஆம்ப்ளிஃபயரை மாட்டி முழு வால்யூமில் திணறவிட்டால் முதலில் போவது, கூர்மையான ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டர்தான்.

கடையில் கேட்பதிலும் ஒரு பொறி உண்டு. இரண்டு ஸ்பீக்கரில் எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ, அதுவே நல்லது என்று காது நம்பிவிடும். 1980-களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஒலி ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் நடத்திய சோதனைகளில், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, சத்தத்தையும் சமமாக்கிக் கேட்கவைத்தார்கள். எதையும் தூக்கலாகக் காட்டாமல் சீராக ஒலித்தவற்றையே பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். நீங்களும் வால்யூமைச் சமமாக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் போடும் டெமோ பாட்டு வேண்டாம். வருஷக்கணக்கில் கேட்டுப் பழகிய உங்கள் பாட்டுகள் மூன்றைக் கொண்டுபோங்கள்: ஒரு தனிக்குரல், ஒரு மிருதங்கம் அல்லது தவில், வயலின் கூட்டம் நிறைந்த ஒன்று. ஆண் குரல் மூக்கடைத்த மாதிரியோ டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரியோ கேட்டால், யோசிக்காமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டிவி ஷோகேஸ் பொந்துக்குள் செருகிவிடாதீர்கள். ட்வீட்டர் உட்கார்ந்த காதின் உயரத்தில், பின்சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு முக்கோணமாக அமையட்டும். வயருக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. சாதாரண கனமான செம்பு வயர் போதும், ஆனால் பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாறினால் பாஸ் வற்றிவிடும், பாடகரின் குரலும் நடுவில் நிற்காது. சந்தேகம் வந்தால், ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, ஒரு பென்டார்ச் பேட்டரியின் பிளஸை, ஆம்ப்ளிஃபயரின் சிவப்பில் இருந்த வயர் முனையிலும் மைனஸைக் கறுப்பில் இருந்த முனையிலும் ஒரு நொடி தொடுங்கள். வூஃபர் கோன் இரண்டிலும் வெளியே தள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால், அந்தப் பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்கினால் இதே காசுக்கு ஒரு படி மேலான தரம் கிடைக்கும், நான் அதை எதிர்க்க மாட்டேன். ஆனால் கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமா, ரப்பரா என்று பாருங்கள். ஃபோம் வருஷம் ஆக ஆக, ஈரக்காற்றில் சீக்கிரமே, பிஸ்கட் போல உதிரும். மெதுவாகப் பாட்டுப் போட்டால் அது தெரியவே தெரியாது. விற்பவர் “பாட்டு நல்லாத்தான் வருது” என்று சொன்னாலும், முன்துணியைக் கழற்றிக் காட்டச் சொல்லி, வளையத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.