வள்ளத்தில் அபாய வெளிச்சம்: தெரிவு, பராமரிப்பு, கொளுத்தும் முறை

கைச்சுடர் ஒன்று எரிவது ஒரு நிமிடம். மேலே ஏறிப் பரசூட்டில் எரிந்தபடி இறங்கும் பரா ரொக்கெட்டின் வெளிச்சம் 40 செக்கன். துவக்கால் மேலே சுடும் நட்சத்திரச் சுடர் ஆறேழு செக்கனில் அணைந்துவிடும். முல்லைத்தீவின் அலம்பில், நாயாறு, கொக்கிளாய் கரைகளிலிருந்து போன வள்ளம் இரவில் எஞ்சின் நின்று கிடக்கும்போது, உதவி கேட்க அந்த வள்ளத்துக்கு இருக்கும் நேரம் இவ்வளவுதான். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முல்லைத்தீவுப் பக்கம் எஞ்சின் நின்ற வள்ளம் கரைக்கு ஒதுங்காது, காற்று அதை வெளிக்கடலுக்கே தள்ளும். அதனால் எந்தச் சுடரை வாங்குவது, எப்படி உலர்வாக வைப்பது, எந்தக் கணத்தில் கொளுத்துவது என்ற மூன்றையும் கரையில் இருக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். கடலில் யோசிக்க நேரம் இருக்காது.

எதை வாங்குவது

வாங்கும்போது குழலின் மேல் 'சோலாஸ்' (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) தர முத்திரையைத் தேடுங்கள். அந்தத் தரத்தில் செய்த கைச்சுடர் குறைந்தது ஒரு நிமிடம், 15,000 கண்டெலா (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) வலுவில், சிவப்பாக எரிய வேண்டும். 10 சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீருக்குள் 10 செக்கன் அமிழ்ந்தாலும் அணையக் கூடாது. பரா ரொக்கெட் 300 மீற்றருக்குக் குறையாமல் மேலே போய், 30,000 கண்டெலாவில் 40 செக்கன் எரிந்தபடி, செக்கனுக்கு 5 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் இறங்க வேண்டும். மிதக்கும் புகைக்கலன் மூன்று நிமிடம் செம்மஞ்சள் புகை விட வேண்டும். முத்திரை இல்லாத மலிவுச் சுடர் எவ்வளவு எரியும் என்பதைக் கொளுத்திப் பார்த்தால்தான் தெரியும். அப்படித் தெரிந்துகொள்ளும் இடம் கடலாக இருக்கக் கூடாது.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம்? கண் மட்டத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீற்றர் என்று வரும். வள்ளத்தில் நின்று கையை உயர்த்திப் பிடித்த சுடர் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 மீற்றர். அதன் அடிவானம் 5 கிலோமீற்றர். பார்ப்பவரும் இன்னொரு வள்ளத்தில் நின்றால் அவருக்கும் 5. இரண்டையும் கூட்டினால் 10 கிலோமீற்றர், அதற்கு அப்பால் பூமியின் வளைவே மறைத்துவிடும். 300 மீற்றர் உயரத்தில் எரியும் ரொக்கெட்டுக்கு அந்த எல்லை 60 கிலோமீற்றரைத் தாண்டும். மூட்டம், மழை, முகில் எல்லாம் இதைக் குறைக்கும் என்றாலும் பொதுவாக ரொக்கெட்தான் கூடிய தூரத்துக்குத் தெரியும். ரொக்கெட் தூரத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். கைச்சுடர் தேடி வருபவருக்கு 'இங்கேதான்' என்று காட்டும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

கப்பல்களின் உயிர்காப்புப் படகுக்கு நான்கு ரொக்கெட், ஆறு கைச்சுடர், இரண்டு புகைக்கலன் என்பது சர்வதேச விதி. நான்கு பேர் போகும் பைபர் வள்ளத்துக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு ரொக்கெட், மூன்று கைச்சுடர், ஒரு புகைக்கலன் போதும் என்பது எங்கள் கணிப்பு. களப்பிலும் கரை தெரியும் தூரத்திலும் மட்டும் தொழில் செய்பவர்கள் இரண்டு கைச்சுடரும் ஒரு புகைக்கலனும் வைத்திருக்கலாம். ஒரேயொரு ரொக்கெட்டோடு போகாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

துவக்கு வகைச் சுடர்

அமெரிக்கக் கடற்படை அதிகாரி எட்வர்ட் வெரி 1877இல் கொண்டுவந்த முறை இது. இப்போது 12 போர், 25 மில்லிமீற்றர், 26.5 மில்லிமீற்றர் அளவுகளில் கிடைக்கிறது. பொறிமுறை எளிது. குட்டையான, உட்புறம் வழுவழுப்பான குழல் கீழே ஒரு கீலில் மடியும். கொளுவியைத் தள்ளினால் குழல் முன்னால் சாயும், தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகி மடித்துப் பூட்டலாம். நனைந்து விறைத்த கையாலும் இந்த ஓர் அசைவைச் செய்ய முடியும் என்பதற்காகத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால் மட்டுமே விசை வேலை செய்யும், ஆகவே விசையில் வலைக்கயிறு சிக்கினாலும் தானாக வெடிக்காது. விசையை அழுத்த, வில்லின் அழுத்தத்தில் சுத்தியல் ஊசியை அடிக்கும், ஊசி தோட்டாவின் அடியில் உள்ள கேப்பை (தட்டினால் பற்றும் சிறு மூடியை) தட்டும், சிறிதளவு வெடிமருந்து எரிந்து நட்சத்திரத்தை மேலே தள்ளும்.

மேலே தள்ளத் தேவையான அழுத்தம் குறைவு என்பதால் பல துவக்குகளின் உடலும் குழலும் பிளாஸ்ரிக்கால் ஆனவை. 12 போர் வேட்டைத் தோட்டா அளவில் பொருந்திவிடும். அதைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடித்துச் சிதறும். யாராவது வேடிக்கைக்குக்கூட முயலக் கூடாது.

அடிக்கடி வரும் பழுது, விசை அழுத்தியும் சுடாமல் போவது. உப்புப் படிந்து ஊசி முழுதாக வெளியே வராது, அல்லது வில் துருப்பிடித்துத் தளர்ந்து அடி மெதுவாக விழும். தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பின், நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, கீலிலும் சுத்தியல் அச்சிலும் மட்டும் மெல்லிய எண்ணெய் பூசுங்கள். குழலுக்குள் எண்ணெய் விட வேண்டாம், அது கேப்புக்குள் ஊறி மருந்தைக் கெடுக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், வன்னிக் கரை வள்ளங்களுக்குத் துவக்கை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆறேழு செக்கன் போதாது. அதோடு, துவக்கு வடிவில் ஒரு பொருளைக் கடலில் கையில் பிடித்திருப்பது ரோந்துப் படகிலிருந்து பார்ப்பவருக்கு வேறு அர்த்தத்தைத் தரும். அனுமதிப் பத்திரம் பற்றிப் பொலிசிலும் கடற்றொழில் பரிசோதகரிடமும் கேட்காமல் வாங்கவே வேண்டாம்.

வைக்கும் இடம்

சுடரைக் கெடுப்பது ஈரம். சிவப்பு நிறம் தருவது ஸ்ரோன்சியம் உப்பு, வெளிச்சத்துக்கு வலுக் கொடுப்பது மக்னீசியத்தூள். மூடியின் விளிம்பால் ஈரம் கசிந்தால் மக்னீசியம் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும். அப்படியான சுடர் பற்றாது, அல்லது பற்றி மங்கலாகப் புகையும். குழலைக் கீழே போட்டு மருந்துக் கட்டி உள்ளே விரிசல் விட்டிருந்தால் ஆபத்து எதிர்ப்பக்கமாக வரும், நெருப்பு விரிசல்களுக்குள் பாய்ந்து ஒரே வீச்சில் எரிந்து தள்ளும்.

றப்பர் வளையம் உள்ள அகலவாய்ப் பிளாஸ்ரிக் கலனில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள் இரண்டு மூன்றோடு வையுங்கள். கலன் செம்மஞ்சள் நிறமாக இருந்தால் நல்லது. அணியத்துக்கு (வள்ளத்தின் முன்பக்கத்துக்கு) கீழே, வெயில் படாத இடத்தில், எரிபொருள் கானுக்கும் எஞ்சினுக்கும் எட்டத்தில் கட்டுங்கள். முடிச்சு ஒற்றைக் கையால் இழுத்தால் அவிழ வேண்டும், ஏனென்றால் வள்ளம் கவிழ்ந்தால் மற்றக் கை எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு தடித்த தோல் கையுறையையும் ரோச் லைட்டையும் அதே கலனுக்குள் போடுங்கள். கலனை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படிப் பரணில் வைக்கும் பழக்கம் வேண்டாம்.

பெரும்பாலான சுடர்களின் ஆயுள் உற்பத்தித் திகதியிலிருந்து மூன்று வருடம். வாடைக்கு முன், புரட்டாதியில், ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திகதி, மூடி, கயிறு, வீக்கம், துருக்கறை பார்ப்பதை வழக்கமாக்குங்கள். அந்த நாளிலேயே குழலில் உள்ள படத்தைப் பார்த்து, எந்த மூடி திருகுவது, எந்தக் கயிறு இழுப்பது என்று வள்ளத்தில் போகும் எல்லோருக்கும் காட்டுங்கள். ஒவ்வொரு கம்பனியும் வேறு மாதிரிச் செய்கிறது. வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு மட்டும் தெரிந்து பயனில்லை, கடலில் நிற்பது அவரல்ல.

கொளுத்துவது

முதல் விதி: பார்க்க ஒரு கண் இருக்கிறது என்று நினைக்கக் காரணம் இருந்தால் மட்டும். எஞ்சின் நின்றவுடன் பயத்தில் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு, விடியப்புறம் பக்கத்தால் போகும் ரோலரை (இழுவைப் படகை) வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கப்பல் வெளிச்சம் தெரிந்தால் நிறம் பாருங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. அதுதான் நல்ல நேரம்.

ரொக்கெட்டை இரண்டாகச் சுடுங்கள். முதலாவதை ஒருவர் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, கண்டேனா இல்லையா என்று குழம்புவார். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து இரண்டாவது ஏறும்போதுதான் திசையைக் குறித்துக்கொள்வார். ஒற்றை ரொக்கெட் போதாது என்று மேலே சொன்னது இதனால்தான்.

சுடும்போது குழலை முகத்துக்கும் மற்றவர்களுக்கும் எட்டத்தில், கையை நீட்டி, வள்ளத்தின் காற்று போகும் பக்கத்து ஓரத்துக்கு வெளியே பிடியுங்கள். ரொக்கெட் காற்றுக்கு எதிராகத் திரும்பி ஏறும் இயல்புடையது. ஆகவே காற்றில்லாதபோது நேர் மேலே, காற்று வீசும்போது காற்று போகும் பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். காற்று வரும் பக்கம் சாய்த்தால் அது தாழ்வாகப் பறந்து வீணாகும். முகில் தாழ்ந்திருக்கும் மாரி இரவில் 45 பாகை வரை சாய்த்துச் சுடுங்கள், இல்லாவிட்டால் 40 செக்கனில் பாதி முகிலுக்குள்ளேயே எரிந்துவிடும். ஹெலிகொப்டர் தலைக்கு மேல் வந்துவிட்டால் ரொக்கெட்டைத் தொடவே வேண்டாம், கைச்சுடரைப் பிடியுங்கள்.

கைச்சுடரில் பயப்பட வேண்டியது உருகி வடியும் கழிவு. அது பைபரைத் துளைக்கும், மண்ணெண்ணெய் சிந்திய இடத்தில் விழுந்தால் வள்ளமே எரியும். கையுறை போட்டு, காற்று போகும் பக்கம் தண்ணீருக்கு மேல் கையை நீட்டி, நுனி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கப் பிடியுங்கள். வெளிச்சத்தைப் பார்க்க வேண்டாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் சுடர் அணைந்த பிறகு அந்தக் கண் இருட்டில் வேலை செய்யும். எரிந்து முடிந்ததும் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள், நுனி நெடுநேரம் சூடாக இருக்கும்.

புகைக்கலன் பகலுக்கு மட்டும். வளையத்தை இழுத்து, காற்று போகும் பக்கம் கடலில் எறியுங்கள். பலத்த காற்றில் புகை தண்ணீரோடு படுத்துவிடும், கப்பலுக்குத் தெரியாவிட்டாலும் விமானத்துக்குத் தெரியும்.

இழுத்தும் பற்றாத சுடரை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தால் கை, கண் காயப்படலாம். குழலை அப்படியே வெளிப்பக்கம் பிடித்தபடி 30 செக்கன் பொறுங்கள். பிறகு குழலில் எழுதியிருந்தால் மட்டும் ஒருமுறை மீண்டும் முயன்று, அதற்கும் பற்றாவிட்டால் கடலில் போடுங்கள். கழிவுகளைக் கடலில் போடலாம் என்று நாங்கள் சொல்வது இந்த ஒரு நிலையில்தான்.

எல்லாம் முடிந்துவிட்டால், இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தி இறக்குவதும், ரோச் லைட்டால் மூன்று குறுகிய, மூன்று நீண்ட, மூன்று குறுகிய வெளிச்சம் காட்டுவதும் எல்லா நாட்டு மாலுமிகளுக்கும் தெரிந்த அபாய அடையாளங்கள்.

கரையில் சிவப்பைக் கண்டவர்கள்

வன்னியில் நாற்பது வயது தாண்டிய யாருக்கும் பரா வெளிச்சம் என்றால் போர்க்கால இரவுதான் நினைவில் வரும். அது வெள்ளை, நிலத்தை வெளிச்சமாக்க அடித்தது. கடல்மேல் சிவப்பாக இறங்குவது உதவிக் குரல். அதைக் கண்டு வீட்டுக்குள் போய்விடக் கூடாது.

நின்ற இடத்தைவிட்டு அசையாமல் மணலில் ஒரு தடியை ஊன்றுங்கள். சில அடி முன்னால், சுடர் தெரியும் நேர்கோட்டில், இரண்டாவது தடி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் திசை விடியும் வரை அழியாமல் இருக்கும். நேரத்தை எழுதுங்கள். கரையில் சிறிது தூரம் தள்ளி இன்னொருவரும் அப்படியே ஊன்றியிருந்தால், இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வள்ளம் இருக்கிறது. உடனே 119க்கோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கோ, கடற்றொழிலாளர் சங்கத்துக்கோ சொல்லுங்கள். வீஎச்எப் வானொலி இருந்தால் சனல் 16. யாரிடமும் சொல்லாமல் ஒற்றை வள்ளத்தில் தேடப் போனால் தேட வேண்டிய வள்ளம் இரண்டாகும்.

திருவிழா, கலியாணம், வெற்றிக் கொண்டாட்டம் எதற்கும் சிவப்புச் சுடர் கொளுத்தாதீர்கள். ஆபத்தில்லாமல் அபாய அடையாளம் காட்டுவதைக் கடல் விதிகள் தடை செய்கின்றன, அதோடு அடுத்த தடவை உண்மையான சிவப்பையும் ஊர் நம்பாது.

திகதி முடிந்தவையும் மண்ணில் கிடப்பவையும்

திகதி முடிந்த சுடரைப் புதைக்கவோ குப்பையோடு எரிக்கவோ வேண்டாம். விற்ற கடையிலோ பொலிசிலோ கடற்படை முகாமிலோ முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒப்படையுங்கள். கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம்.

புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், மாத்தளன் பக்கங்களில் மண்ணிலிருந்து வெளிப்படும் உலோகக் குழாய்களும் பரா வெளிச்சக் கோதுகளும் வேறு பொருள். வெறும் கோது என்று நினைப்பதற்குள் எரியாத மருந்து இருக்கலாம், அது பரா வெளிச்சமே இல்லாமல் எறிகணையாகவும் இருக்கலாம். இரும்புக்கு விற்க எடுக்காதீர்கள், பிள்ளைகளை எடுக்க விடாதீர்கள். போன அதே அடித்தடத்தில் திரும்பி வந்து, தூரத்தில் நின்று தடியோ துணியோ கட்டி அடையாளம் வைத்து, பொலிசுக்கோ அப்பகுதியில் வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கோ அறிவியுங்கள். அவர்கள் வந்து எடுக்கும் வரை அந்த வழியால் மாடு சாய்க்கவும் விறகு பொறுக்கவும் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.