பாலத்துக்கு எந்த இடம்? வழித்தடத் தேர்வையும் சுற்றுச்சூழல் அறிக்கையையும் சரிபார்க்கும் முறை

நீலகிரியில் ஆற்றுக்குக் குறுக்கே புதிய பாலம் வரப்போகிறது என்றால், எத்தனை கோடி, எப்போது முடியும் என்பவற்றைத்தான் முதலில் கேட்கிறோம். எந்த இடத்தில் என்ற கேள்வி, வரைபடம் அச்சாகிக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறித்த பிறகே எழுகிறது. அந்தக் கட்டத்திலும் பயனுள்ள முறையில் தலையிட முடியும். அதற்குத் திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையைக் கையில் எடுத்து, அதிலுள்ள அளவுகளை நாமே ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். பொறியியல் படிக்காதவரும் இதைச் செய்யலாம். கணினியை ஓரளவு பழகியவருக்காக இதை எழுதுகிறேன். மென்பொருளை நிறுவுவது போன்ற தொடக்க வேலைகளை விளக்கப்போவதில்லை.

உதாரணமாக மாயாற்றை எடுத்துக்கொள்கிறேன். கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த தெங்குமரஹாடாவுக்குப் பவானிசாகர் வழியாகக் காட்டுக்குள் வரும் பேருந்து ஆற்றின் எதிர்க்கரையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து பரிசலில்தான் ஊருக்குள் போக வேண்டும். வெள்ளம் வந்தால் பரிசல் ஓடாது. பிரசவமானாலும் பாம்புக்கடியானாலும் தண்ணீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும். பாலம் வேண்டும் என்பது அந்த மக்களின் நெடுங்காலக் கோரிக்கை, நியாயமான கோரிக்கை. அதே பள்ளத்தாக்கு முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்கு இடையே யானைகளும் புலிகளும் நடமாடும் வழியாகவும், தமிழகத்தில் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டும் மிகச் சில இடங்களில் ஒன்றாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் வழித்தடத் தேர்வு இங்கே இவ்வளவு முக்கியமாகிறது.

படி 1: எந்தெந்த அனுமதி தேவை என்பதைக் கண்டறியுங்கள்

பலரும் ஒரே அனுமதி என்று நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று தனித்தனிக் கோப்புகள் இருக்கக்கூடும். முதலாவது, 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி அறிவிக்கையின்படியான சுற்றுச்சூழல் அனுமதி. அதன் அட்டவணையில் நெடுஞ்சாலைகள் 7(எஃப்) என்ற இனத்தில் வருகின்றன. தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலையா, 1,000 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதியா, சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதியா என்பதைப் பொறுத்து வகை மாறும். மாயாற்றுப் பள்ளத்தாக்கு 1,000 மீட்டர் உயரத்தில் இல்லை. எனவே அங்கே கடைசியாகச் சொன்ன நிபந்தனைதான் கவனிக்க வேண்டியது. இரண்டாவது, 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் அனுமதி. மூன்றாவது, காப்பகங்களையும் அவற்றை இணைக்கும் பகுதிகளையும் தொடும்போது தேவைப்படும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல். புலிகள் காப்பகம் என்றால் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனையும் சேர்ந்துகொள்ளும்.

சாதாரண மாவட்டச் சாலைப் பாலத்துக்கு முதல் அனுமதி தேவைப்படாமல் போகலாம். அதனால் ஆய்வே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மலையில் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கோப்புகளில்தான் உண்மையான விவரங்கள் கிடைக்கும்.

படி 2: ஆவணங்களைத் திரட்டுங்கள்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி விண்ணப்பங்களுக்கான பரிவேஷ் இணையதளத்தில் திட்டத்தின் பெயரையோ மாவட்டத்தையோ கொடுத்துத் தேடி, முன்மொழிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைவு அறிக்கை, எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று சொல்லும் ஆய்வு வரம்புக் கடிதம், தடத்தை வரைபடத்தில் காட்டும் கே.எம்.எல். கோப்பு ஆகிய மூன்றும் போதும். இணையத்தில் கிடைக்காவிட்டால் ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் வரைவு அறிக்கையைப் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போவது போதாது. சுருக்கத்தில் மாற்று வழித்தடங்களைப் பற்றி ஒரு பத்திகூட இல்லாமல் போகலாம். முழு அறிக்கையின் 5-ஆம் அத்தியாயமே மாற்றுகளின் பகுப்பாய்வு. 3-ஆம் அத்தியாயம் இப்போதைய சூழலையும், 4-ஆம் அத்தியாயம் எதிர்பார்க்கப்படும் பாதிப்புகளையும் சொல்லும். நான் எப்போதும் 5-ஐ முதலில் படிப்பேன். அதற்கேற்ற கேள்விகளோடு 3-க்குத் திரும்புவேன்.

படி 3: மாற்றுத் தடங்களை வரைபடத்தில் ஏற்றுங்கள்

அதிக நேரம் எடுப்பதும், அதிகப் பேர் பாதியில் கைவிடுவதும் இந்தப் படிதான். ஆகவே இதை விரிவாகவே சொல்கிறேன்.

தேர்ந்தெடுத்த தடத்துக்கு மட்டுமே கே.எம்.எல். கோப்பு கிடைப்பது வழக்கம். நிராகரித்த தடங்கள் அறிக்கைக்குள் வெறும் படமாக இருக்கும். அந்தப் படத்தைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, தெரிந்த சில புள்ளிகளைக் கொண்டு அதன் இடத்தில் பொருத்த வேண்டும். கூகுள் எர்த் புரோ பார்ப்பதற்கு எளிது, பழைய ஆண்டுகளின் படங்களையும் காட்டும் என்பதால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். அளப்பதற்குக் கியூஜிஐஎஸ்தான் சிறந்தது. இலவசம், அளந்த விதத்தையும் பிறருக்குக் காட்ட முடியும்.

பொருத்தும் புள்ளிகளாகச் சாலை முக்கு, கோயில், பள்ளிக் கட்டடம், பெரும்பாறை போன்றவற்றையே தேர்ந்தெடுங்கள். ஆற்றின் வளைவையும் மணல் திட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒவ்வொரு வெள்ளத்திலும் அவை இடம் மாறும்.

அடுத்து ஆயத்தொலைகள், அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். அறிக்கையில் 11 பாகை 33 கலை 30 விகலை (டிகிரி, நிமிடம், விநாடி) என்று இருந்தால், தசமத்தில் அது 11.5583. அதை 11.3330 என்று தட்டச்சு செய்தால் புள்ளி 25 கிலோமீட்டர் தெற்கே போய் விழும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத பிழை ஒன்று இருக்கிறது. பழைய நில அளவை வரைபடங்கள் பூமியின் வடிவத்தைக் கணக்கிடும் எவரெஸ்ட் என்ற அடிப்படையில் வரையப்பட்டவை. இன்றைய கைபேசிகளும் செயற்கைக்கோள் படங்களும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற அடிப்படையில் இயங்குபவை. இரண்டையும் திருத்தாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். மாயாறு போன்ற ஆற்றில் அந்த விலகல், நீரோட்டத்துக்கு நடுவே நிற்க வேண்டிய தூணைக் கரைக்காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும். அறிக்கையின் பாலப் புள்ளி செயற்கைக்கோள் படத்தில் ஆற்றின்மேல் விழவில்லையா? முதலில் இதைச் சரிபாருங்கள். பிறகு குற்றம் சொல்லலாம்.

அளக்கும் முன் மென்பொருளின் ஆயமுறையை, மீட்டரில் அளக்கும் யு.டி.எம். முறையின் 43 வடக்கு மண்டலம், அதாவது இ.பி.எஸ்.ஜி. 32643 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீளம் பாகைக் கணக்கில் வந்து நிற்கக்கூடும்.

(பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்துபார்த்த கூடலூர் வாசகர் ஒருவர், தாம் முன்பு பின்பற்றிய குறிப்பில் மண்டல எண் 44 என்று இருந்ததாக எழுதியிருந்தார். கிழக்கு நெடுங்கோடு 78 பாகைதான் எல்லை. சென்னை, மதுரை, சேலம் 44-இல் வரும். நீலகிரியும் பழனி மலையும் 43-இல் வரும்.)

படி 4: முக்கிலிருந்து முக்கு வரை அளங்கள்

என் கருத்தில் வழித்தடத் தேர்வின் உயிர்நாடி இதுதான். பாலம் என்றவுடன் ஆற்றின்மேல் நிற்கும் தூண்களையும் தளத்தையும் மட்டுமே அளந்துவிடுகிறோம். காட்டுக்கு நேரும் இழப்பில் பெரும்பகுதி பாலத்தால் வருவதில்லை, அதற்கு இருபுறமும் போடும் அணுகு சாலையால் வருகிறது.

கற்பனையாக இரண்டு தடங்களை எடுத்துக்கொள்வோம். முதல் தடம், இப்போது பரிசல் ஓடும் துறைக்கு அருகே: பாலம் 120 மீட்டர், அணுகு சாலை 400 மீட்டர். இரண்டாவது, ஆறு குறுகும் மேற்பகுதியில்: பாலம் 80 மீட்டர், அணுகு சாலை 2,600 மீட்டர். பாலத்தின் நீளத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இரண்டாவதே சிக்கனம். சாலைக்கு 10 மீட்டர் அகலம் என்று கொண்டு பெருக்கிப் பாருங்கள். முதலாவதற்கு 0.4 ஹெக்டேர், இரண்டாவதற்கு 2.6 ஹெக்டேர் நிலம். அதோடு 2,600 மீட்டர் நீளத்துக்குக் காட்டுக்குள் புதிய திறப்பு உண்டாகும். அதன் வழியே விறகும் விடுதியும் குப்பையும் போகும். ஆகவே ஒவ்வொரு தடத்தையும் இருக்கும் சாலையிலிருந்து பிரியும் முக்கிலிருந்து, மறுகரைச் சாலையில் சேரும் முக்குவரை அளந்து, ஒரே அட்டவணையில் எழுதுங்கள். மண் வெட்டும் அளவு, வெட்டிய மண்ணைக் கொட்டும் இடம், கட்டுமானத்துக்கான தற்காலிகச் சாலை, தொழிலாளர் முகாம் எல்லாம் அந்த அட்டவணையில் வர வேண்டும். அறிக்கையின் அட்டவணையில் ஒரு தடத்துக்கு அணுகு சாலையைச் சேர்த்தும் இன்னொன்றுக்குச் சேர்க்காமலும் இருந்தால், அந்த ஒப்பீடு செல்லாது என்று எழுத்துமூலம் கேளுங்கள்.

பாலமே கட்டாத நிலையும் ஒரு மாற்றாக அட்டவணையில் இடம்பெற வேண்டும். மக்கள் மட்டும் நடந்து செல்லும் தொங்குபாலம், அவசர ஊர்தி மட்டும் போகும் ஒற்றைத் தடப் பாலம், மக்கள் விரும்பினால் மறுகுடியமர்வு ஆகியவையும் உண்மையான மாற்றுகளே. தெங்குமரஹாடாவைப் பொறுத்தவரை 495 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் வீதம் 74.25 கோடி ரூபாய் மறுகுடியமர்வுக்கு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கேள்வி முடிவாகாமல் பாலத்தின் கொள்ளளவை யாரும் சரியாகக் கணக்கிட முடியாது.

படி 5: ஆற்றைப் படியுங்கள்

பொறியாளர்கள் நல்ல பாலத்துறைக்கு வைத்திருக்கும் இலக்கணம் எளியது. ஆறு நேராக ஓட வேண்டும். கரைகள் உயர்ந்து உறுதியாக இருக்க வேண்டும். அடியில் பாறை கிடைக்க வேண்டும். கிளையாறு சேரும் இடத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். பாலம் நீரோட்டத்துக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, வெள்ளம் எந்த மரத்தில், எந்தப் படியில் ஏறி நின்றது என்பதைக் குறித்து வாருங்கள். அறிக்கையின் உச்ச வெள்ள மட்டத்தோடு அதை ஒப்பிடுங்கள்.

நீலகிரியில் மழைக்கணக்கை வெறும் சராசரியாக ஏற்கக் கூடாது. 2019 ஆகஸ்ட் 8-இல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. மாயாற்றில் மழை மட்டுமல்ல, மேலே பைக்காரா அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீரும் மட்டத்தை உயர்த்தும். ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு பெருகும். அணைத் திறப்பைக் கணக்கில் சேர்த்தார்களா என்ற ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். சரிவில் ஏறும் அணுகு சாலை இருந்தால், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடத்தையும் தடத்தின்மேல் வைத்துப் பாருங்கள்.

படி 6: உயிரினப் பட்டியலில் காலத்தைப் பாருங்கள்

பெரும்பாலான அறிக்கைகளுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் கள ஆய்வே அடிப்படை. எந்தெந்த மாதங்கள் என்று 3-ஆம் அத்தியாயத்தில் தேடுங்கள். வெண்முதுகுப் பாறுகள் இங்கே ஓடைக்கரை நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. மழைக்காலம் ஓயும் தறுவாயில் தொடங்கி கோடைவரை அந்தப் பருவம் நீள்கிறது. யானைகள் மாயாற்றை அதிகம் நாடுவது கோடையில். நீர்நாய்களும் முதலைகளும் ஆற்றிலேயே வாழ்பவை. ஆய்வு நடந்த மாதங்கள் இவற்றில் எதைத் தவறவிட்டிருக்கும் என்பதை ஒரு வரியில் எழுதிவையுங்கள். கரையில் வெட்டப் போகும் நீர்மருது மரங்களின் எண்ணிக்கையைத் தனியாகக் கேளுங்கள். இதர மரங்கள் என்ற பத்தியில் அவை கரைந்துவிடக் கூடாது.

பாலத்தின் கண்கள் (தூண்களுக்கு இடைப்பட்ட திறப்புகள்) கரையிலேயே முடிகின்றனவா, கரையைத் தாண்டி உள்ளே நீள்கின்றனவா என்பதும் முக்கியம். இரு கரையிலும் ஒவ்வொரு கண் கூடுதலாக அமைத்தால், விலங்குகள் ஆற்றோரமாகவே பாலத்தடியில் நடந்து போக முடியும். மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் பகுதியில் தேசிய நெடுஞ்சாலை 44-இல் 750 மீட்டர் நீளம்வரை இத்தகைய அடிவழிகள் அமைத்திருக்கிறார்கள். பணம் கூடும் என்பார்கள். கூடட்டும், பள்ளத்தாக்கின் வழியை அடைப்பதற்கு அது மேல்.

படி 7: பழங்குடியினரின் உரிமை

தமிழகத்தின் தொன்மைப் பழங்குடியினர் ஆறு பிரிவினரும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர், நீலகிரியில் வாழ்கிறார்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2013 பிப்ரவரிச் சுற்றறிக்கை ஒன்று, சாலை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குக் கிராம சபையின் ஒப்புதல் தேவையில்லை என்று தளர்த்தியது. தொன்மைப் பழங்குடியினரின் அங்கீகரிக்கப்பட்ட உரிமைகள் பாதிக்கப்படும் இடத்தில் அந்தத் தளர்வு பொருந்தாது என்றும் அதுவே சொன்னது. விதிகள் பின்னர் திருத்தப்பட்டிருப்பதால் இன்றைய நிலையை வழக்கறிஞர் ஒருவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். தடம் கல்லாம்பாளையம், அல்லிமாயார் போன்ற இருளர் குடியிருப்புகளின் மேய்ச்சல் நிலத்தையோ தேன் எடுக்கும் பாறையையோ தொடுகிறதா என்பதை அந்த மக்களோடு நடந்துபோய்த்தான் அறிய முடியும்.

படி 8: கருத்துக் கேட்புக் கூட்டம்

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வர வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி இல்லை, எனவே யாரும் போகாவிட்டாலும் கூட்டம் நடந்து முடிந்துவிடும். பேசுவதை இரண்டு நிமிடத்துக்குச் சுருக்கி, விரிவானதை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்குங்கள். பாலம் வேண்டும், வேண்டாம் என்ற இரு சொற்களைவிட, பக்க எண்ணோடு கூடிய ஒரு கேள்விக்கு வலிமை அதிகம். இப்படி எழுதலாம்: "பக்கம் இன்னதில் இரண்டாம் தடத்தின் அணுகு சாலை நீளம் தரப்படவில்லை; யு.டி.எம். 43-இல் நாங்கள் அளந்தபோது இத்தனை மீட்டர் வருகிறது. இதற்கான விளக்கம் இறுதி அறிக்கையில் இடம்பெற வேண்டும்." முடிவில் கூட்ட நடவடிக்கைகளைத் தமிழில் வாசிப்பார்கள். அதுவரை இருந்து, உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

அனுமதி வழங்கப்பட்டபின் ஆட்சேபம் இருந்தால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். ஆட்சேபம் இல்லாவிட்டாலும் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளுக்குள் திட்டத்தை மேற்கொள்பவர் நிறைவேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். அதை நிபந்தனை வாரியாக ஒப்பிட்டு, முதலில் மண் கொட்டிய இடத்தைப் போய்ப் பாருங்கள்.