மழைக்காகப் பொங்கல் அடுப்பை வீட்டுக்குள் தள்ளாதீர்கள்

சிங்கப்பூரில் பொங்கல் வருவதே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். தரைவீட்டு வாசலில் செங்கல் வைத்து, விறகு அடுக்கி, தேக்காவில் வாங்கிய மஞ்சள் கொத்தைப் பானையில் கட்டி முடிக்கும்போது சரியாகத் தூறல் போடும். உடனே யாராவது சொல்வார்கள்: "அடுப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கலாமே." மற்ற எல்லாத் தவறுகளையும்விட எனக்குப் பயம் தருவது இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் சித்தி வீட்டில் நாங்களும் அப்படிச் செய்தோம். விறகு நனைந்துவிட்டதென்று மண் அடுப்பில் கரியைப் போட்டு, பின்பக்கச் சமையலறையில் வைத்தோம். சாரல் அடிக்கிறதென்று சன்னலையும் சாத்தினோம். புகையே இல்லை, கரி செக்கச்செவேலென்று கனன்றது. பால் பொங்குவதற்குள் சித்திக்குத் தலை சுற்றியது. தம்பிக்குக் குமட்டல். எனக்கு நெற்றிப்பொட்டில் வலி. வெறும் வயிற்றோடு விடிகாலையில் எழுந்ததால்தான் என்று நினைத்தோம். "மூணு பேருக்கும் ஒரே நேரத்துலயா?" என்று சித்தப்பா கேட்டார். கதவைத் திறந்து எங்களை வெளியே இழுத்து வந்தவரும் அவர்தான்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயு பிடித்துக்கொள்ளும். புகை கண்ணை எரித்தால் நாமே விலகிவிடுவோம். இது அப்படி எச்சரிக்காது. மின்விசிறியைப் போட்டாலும் சன்னலைப் பாதி திறந்தாலும் போதாது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஒன்றாக வந்தால் உடனே எல்லாரும் வெளியே வாருங்கள். அவசர உதவி எண் 995-ஐ அழையுங்கள்.

2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அது இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அது புகைக்குக் கத்தும் கருவி, கார்பன் மோனாக்சைடுக்குக் கத்தாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் விறகையும் கரியையும் மறந்துவிடுங்கள். தாழ்வாரத்திலும் வைக்காதீர்கள், தீப்பிடித்தால் எல்லாக் குடும்பங்களும் தப்பித்துப் போகும் வழி அது. கேஸ் அடுப்பில் பொங்கினாலும் அது பொங்கல்தான், மனக்குறை வேண்டாம்.

சரி, வாசலில் இடம் இருக்கிறது, மழையும் இல்லை என்றால் அடுத்த தவறு விறகில் நடக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே கிடக்கும் விறகு காயவே காயாது. இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டங்'கென்று கேட்கும், ஈரமானது மந்தமாகக் கேட்கும். கிடங்கில் கழித்துப்போட்ட மரப்பலகைத் தட்டுகளை உடைத்து எரிக்க வேண்டாம். அவற்றில் 'எம்பி' (MB) என்ற ஆங்கில எழுத்து முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டிய மரம் என்று அர்த்தம். பெயின்ட் அடித்ததும் பிளைவுட்டும் கூடாது.

பற்றவில்லையென்று மண்ணெண்ணெயோ தின்னரோ ஊற்றாதீர்கள். தீ அந்த ஆவியைப் பிடித்துக்கொண்டு கைக்கே வரும். செய்தித்தாளும் சிராய்களும் போதும். நைலான் கலந்த துப்பட்டா எரிந்தால் உருகித் தோலில் ஒட்டும், பருத்தி கட்டுங்கள். சூடு பட்டால் பற்பசை தடவாமல் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

அப்புறம் சாம்பல். சாப்பிட்டுக் களைத்த பிறகு செய்யும் வேலை என்பதால் கவனம் குறையும். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தாலும் அடியில் கங்கு ஒரு நாளுக்கும் மேல் உயிரோடு இருக்கும். அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போட்டால் தொட்டியே பற்றிக்கொள்ளும். எல்லாவற்றையும் தகர வாளியில் அள்ளி, சிமெண்டுத் தரையில் வைத்து, தள்ளி நின்று கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். 'சுர்'ரென்ற சத்தம் நிற்கும்வரை ஊற்றி, மாட்டுப் பொங்கல் முடிந்த பிறகு கொட்டுங்கள்.