நாற்பது பேரோடு நிலாவெளிக்கு: குடும்ப ஒன்றுகூடலுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் பிறந்தால் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு கனடாப் பெட்டிகள் வந்து இறங்கும். பின்னாலேயே ஒரு வாட்ஸ்அப் குழு முளைக்கும்: எல்லாரும் சேர்ந்து எங்கேயாவது இரண்டு நாள் போவோம். நீங்கள் அந்தக் குடும்பத்தின் புது மருமகனோ மருமகளோ, ரொறன்ரோவில் வளர்ந்து இப்போதுதான் சொந்தங்களைப் பார்க்கும் பிள்ளையோ என்றால், இது உங்களுக்காக எழுதியது. வீடு பிடிப்பதும் வான் பேசுவதும் பெரியவர்கள் பாடு. போய்க் கலந்துகொள்வதற்கும் ஒரு முறை இருக்கிறது.

1. இடத்தையும் நாளையும் பாருங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். மேற்குக் கரையில் நீர்கொழும்பு, பெந்தோட்டைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே நாட்களில் கிழக்குக் கரையின் நிலாவெளியும் பாசிக்குடாவும் குளம்போலக் கிடக்கும். மார்கழியில் இது தலைகீழாகும். ஆகவே ஆகஸ்டில் "பக்கத்தில் பெந்தோட்டை போதுமே" என்று யாராவது எழுதினால், புதியவர் என்று தயங்காமல் இதைச் சொல்லுங்கள்.

நாள் விஷயத்தில் இரண்டைக் கவனியுங்கள். போயாவோடு (பௌர்ணமி விடுமுறையோடு) சேர்ந்த நீண்ட வார இறுதியில் பாதி கொழும்பே வீதியில் நிற்கும். அடுத்தது நல்லூர்த் திருவிழா. அந்த 25 நாட்களும் மரக்கறி மட்டுமே உண்ணும் மாமிமார் எந்தக் குடும்பத்திலும் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒன்றுகூடல் அதற்குள் விழுந்தால் அவர்களுக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை வேண்டும். இதை முன்கூட்டியே கேட்டுவைத்த மருமகளுக்கு அந்த மாமிமாரிடம் அடுத்த பத்து ஆண்டுகளுக்குக் குறையிருக்காது.

2. பங்குக் காசைக் கேட்குமுன் கொடுங்கள்

பெரியவர்களுக்கு முழுப் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, கைக்குழந்தைக்கு ஒன்றுமில்லை என்பது பரவலான கணக்கு. "எல்லாம் நான் பார்க்கிறேன்" என்று லண்டன் சித்தப்பா சொல்வார். வீட்டு வாடகையை அவர் கொடுக்கட்டும், மறுக்கவேண்டாம். ஆனால் தேங்காய், பால்மா, குடிதண்ணீர் என்று உங்களால் முடிந்த ஒன்றை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கிருப்பவர்கள் கையை வீசிக்கொண்டு வந்தார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அடங்காது.

3. உறவுமுறையைப் படித்துக்கொண்டு போங்கள்

முதல் நாள் இரவே ஒரு தாளை எடுத்து வீட்டுக்காரியையோ அம்மாவையோ வரையச் சொல்லுங்கள். சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா ஆகியோரின் பிள்ளைகள் உங்களுக்கு அண்ணா, அக்கா, தம்பி, தங்கை. மாமாவின் பிள்ளைகளும் அப்பாவின் சகோதரியான மாமியின் பிள்ளைகளும் மச்சான், மச்சாள். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் உங்களைவிட வயதில் இளையவராக இருக்கக்கூடும். இருந்தாலும் அவர் சித்தப்பாதான்; பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடாதீர்கள். முறை தெரியாமல் ஒருவர் எதிரில் வந்தால் "வாருங்கள், சுகமா?" என்று தொடங்குங்கள். ஐந்து நிமிடத்தில் யாராவது அவரை முறை சொல்லிக் கூப்பிடுவார்கள், பிடித்துக்கொள்ளலாம்.

4. வழிச்சாப்பாடு

கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக நிலாவெளி ஏறக்குறைய 270 கிலோமீற்றர். அதிகாலை நான்கு மணிக்கு வான் புறப்படும் என்றால், நாலரைக்குத்தான் கடைசி மாமா சப்பாத்தைத் தேடுவார். நீங்கள் நான்கிற்கே நில்லுங்கள். வாந்தி வரக்கூடிய பிள்ளைகளுக்கு முன் இருக்கை.

வழிச்சாப்பாட்டுக்கு இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். பச்சைத் தேங்காய் வானின் வெக்கையில் தம்புள்ளை தாண்டுமுன் புளித்துவிடும். பாணும் சீனிச் சம்பலும்தான் சரி. வெங்காயத்தை மெல்லிய சீவலாக வெட்டி, தாராளமாக எண்ணெய் விட்டு, சிறு நெருப்பில் வைத்து, நிறம் மாறும்வரை அவசரப்படாமல் கிளறுங்கள். செத்தல் மிளகாய்த் தூள், உப்பு, கொஞ்சம் புளி, கடைசியில் சீனி. வெங்காயத்தின் ஈரம் வற்றி, எண்ணெய் ஓரத்தில் தனியே பிரிந்து நிற்கவேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, நன்றாக ஆறவிட்டுப் போத்தலில் அடைத்தால் மறுநாள் காலையும் உதவும். மாசிக் கருவாடு சேர்த்தால் சுவை கூடும். மரக்கறிக்காரருக்குச் சேர்க்காத போத்தல் ஒன்று தனியாக இருக்கட்டும்.

சாரதிக்கும் ஒரு பங்கு கட்டுங்கள். இரவில் அவர் நன்றாகத் தூங்க ஓர் அறையோ கட்டிலோ இருக்கிறதா என்று கேட்பதையும் மறக்கவேண்டாம். எல்லாரும் மறக்கிற விஷயம் இதுதான்.

5. போய் இறங்கியதும் ஒரு வேலையைப் பிடியுங்கள்

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். புதியவர் சும்மா உட்கார்ந்தால் எல்லாரும் அவரை விசாரிப்பார்கள்: என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எப்போது கலியாணம், ஏன் இன்னும் பிள்ளையில்லை. கையில் தேங்காய்த் துருவலையோடு இருப்பவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. வெங்காயம் உரிக்கலாம், தேநீர் கொடுக்கலாம், பிள்ளைகளைக் குளிக்க அழைத்துப்போகலாம். கடைசி வேலைக்குத்தான் ஆள் தட்டுப்பாடு அதிகம். ஆகஸ்டில் அங்கே கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று சுடச்சுட வீசும்; காலை ஒன்பதுக்குள் ஒருமுறை, மாலை நான்குக்குப் பின் ஒருமுறை போதும். புறா தீவுக்குப் படகில் போனால், பவளப்பாறைகளில் கால் வைக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள்.

படுக்கை விரிக்கும்போது கீழ்த்தளம் முதியவர்களுக்கு. உங்களுக்குப் பாய்தான் கிடைக்கும். போர்வையும் தலையணை உறையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

6. இரவில் 304

சாப்பாடு முடிந்ததும் சீட்டுக்கட்டு வெளியே வரும். 304 தெரிந்திருந்தால் மாமாமாரிடம் தனி மரியாதை. நால்வர் ஆட்டத்துக்கு ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டுகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. ஏஸை வைத்துக்கொண்டு வெல்லப்போவதாகப் புதியவர்கள் நினைப்பார்கள். ஒன்பது வந்து அதை வெட்டிக்கொண்டு போகும். முதல் இரவு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். துரும்பு எது என்று தெரிந்தாலும் வாய் திறக்கவேண்டாம்.

ஊர்க் காணி, உறுதி, எல்லைவேலி என்று பேச்சு திரும்பினால், பக்கத்தில் உள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுங்கள்.

7. திரும்புதல்

எல்லாரும் சேர்ந்த படத்தை முதல் நாள் மாலையே எடுத்துவிடுங்கள்; கடைசிக் காலையில் பாதிப் பேர் ஈரத்துணியைப் பையில் திணித்துக்கொண்டிருப்பார்கள். போகும் வழியில் கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் பார்க்கவேண்டும் என்பார்கள். ஏழு கிணறுகளிலும் ஏழு விதச் சூடு. ஒவ்வொன்றிலும் வாளி போட்டுப் பார்க்காமல் பிள்ளைகள் வரமாட்டார்கள். நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும். மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு வானைக் கிளப்பிவிடவேண்டும்.