சிலை களவு போன காலையில் நாம் செய்யும் பிழைகள்

கோயில் விக்கிரகத்தைக் காணவில்லை என்று விடியற்காலையில் தகவல் பரவினால் யாழ்ப்பாணத்தில் முதலில் ஊர் கூடும். வந்தவர்கள் எல்லோரும் மூலஸ்தான வாசல்வரை போய் எட்டிப் பார்ப்பார்கள். உடைந்த பூட்டை ஒருவர் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுப்பார். தீட்டுக் கழிக்க வேண்டும் என்று இரண்டு வாளித் தண்ணீரும் ஊற்றப்பட்டிருக்கும். தடயவியல் பொலிஸார் வந்து சேரும்போது ஈரத் தரைதான் மிஞ்சும். அதன் பிறகு, கைரேகை எடுக்கவில்லை, மோப்ப நாய் வரவில்லை என்று குறைப்படுவதில் பயன் இல்லை.

பிராயச்சித்தம் மாலையிலும் செய்யலாம். விசாரணை முடியும்வரை பொறுக்கும்படி கேட்டால் குருக்கள் மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை. வாசலைச் சாத்தி ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். பூட்டு விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். சந்தியில் நிற்கும் சீமெந்துச் சிலையின் கை உடைக்கப்பட்டிருந்தால், அந்தக் கையும் கிடந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்த பிழை, கோயில் களவு என்றால் பொலிஸார் மற்ற வேலைகளைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள் என்று எதிர்பார்ப்பது. இரவு வாள்வெட்டு நடந்திருந்தால், வீதி விபத்தில் ஒருவர் இறந்திருந்தால், பொறுப்பதிகாரி அங்கேதான் முதலில் ஆட்களை அனுப்புவார். அதில் குற்றம் காண முடியாது. எஞ்சியவற்றிலும் புனிதத்தின் அளவு பார்க்கப்படுவதில்லை. இலங்கைப் பொலிஸாரிடம் பாரதூரமான குற்றங்கள் என்று ஒரு வகைப்படுத்தல் உண்டு. மாடோ சைக்கிளோ களவு போனால், பெறுமதி எதுவானாலும் அதற்குள் அடங்கும். ஏனைய பொருட்களுக்குப் பெறுமதி பார்க்கப்படும். வைரவருக்கு முன்னால் மாடு போய்விடுகிறதே என்று சிரிக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு தெரியாமல் முறைப்பாடு எழுதினால் நட்டம் நமக்குத்தான்.

"விக்கிரகத்தைக் காணவில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுப்பவர்கள் பலர். பூட்டை உடைத்து உள்ளே புகுந்திருந்தால் அதைத்தான் முதல் வரியில் சொல்ல வேண்டும். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை வழிபாட்டுக்குரிய கட்டடத்தையும் வீட்டோடு சேர்த்தே பார்க்கிறது. ஆகவே அது வீடுடைத்துக் களவெடுத்தல் ஆகிறது. பாரதூரமான குற்றங்களின் வரிசையில் அதற்குத் தனி இடம் உண்டு. "விலைமதிப்பற்றது" என்ற சொல்லும் முறைப்பாட்டுக்கு உதவாது. பஞ்சலோகமா, கருங்கல்லா, உயரம் எவ்வளவு, எத்தனை கிலோ, செய்வித்தபோது கொடுத்த தொகை என்ன என்று எழுதுங்கள். சிற்பாலயத்தின் பற்றுச்சீட்டு இருந்தால் பிரதி ஒன்றை இணையுங்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பிழை களவுக்குப் பல வருடங்களுக்கு முன்பே நடந்துவிடுகிறது. எழுந்தருளி விக்கிரகத்தின் படம் கேட்டால் திருவிழாப் படத்தை நீட்டுவோம். அதில் பட்டும் மாலையும் சாத்துப்படியும் இருக்கும். நடுவில் கையளவு முகம் தெரியும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கொழும்பில் ஒரு கடையில் இருக்கும் விக்கிரகம் நம்முடையதுதான் என்று எந்த நீதவானிடம் நிரூபிப்பது? தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தனில் களவு போன நடராசரை அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலர் அளவில் விலை கொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேமிப்பில் அதன் பழைய படம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மறுக்க வழியில்லாமல் போனது. 2014இல் நடராசர் திரும்பினார். நம் கோயில்களில் எண்ணெய்க்காப்பு நாளோ திருப்பணிக்கு முன் நடக்கும் பாலஸ்தாபனமோ இதற்கு வசதியான நேரம். அலங்காரம் இல்லாமல் முன்புறம், பின்புறம், பீடத்தின் அடி, பழைய கீறல், நெளிவு எல்லாவற்றையும் அடிமட்டம் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஒரு பிரதி கோயிலுக்கு வெளியே இருக்கட்டும். சர்வதேசப் பொலிஸின் களவுபோன கலைப்பொருள் பதிவில் சேர்ப்பதற்கும் இத்தகைய படமே தேவை.

வீதியோரச் சிலைகளின் சிக்கல் வேறு. எல்லோருக்கும் சொந்தம் என்று சொல்லிக்கொள்வோம். உடைந்தால் முறைப்பாடு கொடுக்க உரியவர் இருக்கமாட்டார். மாநகர சபையா, பழைய மாணவர் சங்கமா, சனசமூக நிலையமா என்பது ஆவணத்தில் இருக்க வேண்டும். அரச சொத்து என்று காட்ட முடிந்தால்தான் 1982 ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டம் பாயும். இல்லாவிட்டால் சாதாரண சேதம் என்று, சிறு பிணக்குகளைச் சமரசம் செய்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போனாலும் போகும். தொல்பொருள் சட்டத்தையும் எல்லாவற்றுக்கும் இழுக்க முடியாது. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களையே அது தொல்பொருள் என்கிறது. முத்திரைச் சந்தியில் 2011இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட சங்கிலியன் சிலை, மன்னன் எவ்வளவு பழையவனானாலும், அந்தக் கணக்கில் வராது.

முகநூலில் குற்றவாளியை அறிவிக்கும் அவசரமும் உண்டு. சிலை உடைந்தால் இங்கே அரசியல் மணப்பது இயல்பு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தமிழ் அறிஞர்களின் சிலைகளும் சேதமாக்கப்பட்டன. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. ஆனால் ஆதாரம் இல்லாமல் ஒரு மதத்தையோ பக்கத்து ஊரையோ சுட்டினால், இருக்கிற நாலு பொலிஸாரும் துப்புத் துலக்குவதை விட்டுவிட்டுச் சந்தியில் காவல் நிற்க வேண்டி வரும். வெண்கலத்தைப் பழைய உலோகக் கடையில் நிறுத்து விற்றவனுக்கு அது நல்ல அவகாசம்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் விளங்காமல் கையெழுத்திடாதீர்கள். தமிழில் பதியக் கேட்பது உங்கள் உரிமை. முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரிக்கும் அதிகாரியின் பெயரையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் அசைவு இல்லையென்றால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும், அதன் பிறகு தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் கொடுங்கள். அதற்கிடையில் சுற்றுவட்டாரத்துப் பழைய உலோகக் கடைகளுக்கு விக்கிரகத்தின் படத்தோடு ஒரு துண்டுப்பிரசுரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.